மீன் குஞ்சின் சிறுநீரகமும் அயனிக் கடத்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீப்ரா மீன் குஞ்சின் சிறுநீரகத்தில் உப்பு எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பயிற்சிக்கு வரும் எம்.எஸ்சி. மாணவர்கள், பக்கத்து ஆய்வகத்தில் இருப்பவர்கள், ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதல் சில பதில்கள் புதியவர்களுக்கு. போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

1. மீனுக்கு எதுக்குங்க கிட்னி? அது இருக்கிறதே தண்ணிக்குள்ளதானே?

தண்ணீருக்குள் இருப்பதால்தான் அதற்குச் சிறுநீரகம் இவ்வளவு அவசியம். நன்னீர் மீனின் ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு சுமார் 250 முதல் 300 மில்லி ஆஸ்மோல். நம் ரத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அது நீந்துகிற ஆற்றுத் தண்ணீரிலோ பெரும்பாலும் 10கூட இருக்காது. உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் இரவு பகலாகத் தண்ணீர் மீனுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். நன்னீர் மீனின் சிறுநீரகம் செய்வது அந்த வேலைதான். ஆனால் இறைக்கும் தண்ணீரோடு ரத்தத்தின் உப்பும் போய்விட்டால் மீன் பிழைக்காது. ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு உப்பை மட்டும் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் பிடிக்கிற வேலையைச் செய்பவைதான் அயனிக் கடத்திப் புரதங்கள். கடல் மீனுக்குக் கதை வேறு, அதைக் கேள்வி 15இல் பாருங்கள்.

2. ஏன் எல்லாரும் ஜீப்ரா மீனையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

வண்ணமீன் கடையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்துப் பதினைந்தாகப் போட்டுத் தருவார்களே, நீல வரி ஓடிய சின்ன மீன், அதேதான். கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளை ஒட்டிய வாய்க்கால், வயல், குட்டைகளில் இயல்பாக வாழ்வது. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது இதை விவரித்தார். ஆய்வகத்துக்குள் இது நிலைபெற வழி போட்டவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர்.

சிறுநீரகக்காரர்களுக்கு இது பிடிப்பதற்குக் காரணம் எளிது. முட்டை தாய்க்கு வெளியே வளர்கிறது, கரு கண்ணாடி மாதிரி இருக்கும், குஞ்சின் சிறுநீரகத்தில் மொத்தமே இரண்டு நெஃப்ரான்தான். நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தின் ஓர் அலகு: ஒரு வடிகட்டியும் அதிலிருந்து போகும் ஒரு குழலும். மனிதனுக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் சுருண்டு நெருங்கிக் கிடக்கும். இங்கே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, தலைக்குப் பின்னாலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீட்டிப் படுத்திருக்கும். 2013இல் இதன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை இருப்பது தெரிந்தது.

3. புரோநெஃப்ரோஸ்னு சொல்றீங்களே, அதுவும் கிட்னியும் ஒண்ணா வேறயா?

முதுகெலும்பிகளுக்குச் சிறுநீரகம் ஒரே தடவையில் உருவாகி முடிவதில்லை. முதலில் வருவது புரோநெஃப்ரோஸ், தமிழில் முன்சிறுநீரகம் எனலாம். மனிதக் கருவில் அது எந்த வேலையும் செய்யாமல் தோன்றி மறைந்துவிடும். மீன் குஞ்சுக்கு அதுதான் உயிர். கருவுற்ற இரண்டாம் நாளிலிருந்து அதை வைத்துத்தான் குஞ்சு தண்ணீரை இறைக்கிறது.

இரண்டு வாரம் ஆகும்போது அடுத்த கட்டமான மீசோநெஃப்ரோஸ் முளைக்கத் தொடங்கும். பெரிய மீனுக்குக் கடைசிவரை அதுதான். நமக்குள்ள மூன்றாம் கட்டம் மீனுக்குக் கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வது பெரும்பாலும் முதல் ஐந்து நாள் கதை.

4. அயனிக் கடத்தின்னா என்ன? கெமிஸ்ட்ரி இல்லாம சொல்லுங்க.

செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான சவ்வு. சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற மின்னூட்டம் உள்ள துகள்களால் அதைத் தாண்ட முடியாது. அவற்றைக் கடத்திவிட சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கும். ஆற்றலைச் செலவழித்து அயனியைத் தள்ளுவது பம்ப். திறந்ததும் அயனி தன் போக்கில் பாயும் வழி, கால்வாய். ஓர் அயனி பாயும் வேகத்தைப் பயன்படுத்தி இன்னொன்றையும் கூட இழுத்து வருவது துணைக்கடத்தி.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சோடியம்-பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கின் ஆர்ஹூஸில் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டறிந்தார், 1997இல் நோபல் பரிசு பெற்றார். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவானால் 3 சோடியம் வெளியே போகும், 2 பொட்டாசியம் உள்ளே வரும். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும்படி இது பார்த்துக்கொள்கிறது. அந்தக் குறைவுதான் மற்ற கடத்திகளுக்கு முதலீடு. சோடியம் உள்ளே வரத் துடிக்கும். அந்தத் துடிப்பில்தான் குளோரைடும் பாஸ்பேட்டும் சேர்ந்து வருகின்றன.

5. புரதம் செல்லோட எந்தப் பக்கம் இருக்குங்கிறதை ஏன் இவ்வளவு பெருசாப் பேசுறீங்க?

குழலின் செல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் உண்டு. ஒன்று குழலின் உட்பக்கத்தைப் பார்த்திருக்கும், அங்கே சிறுநீர் ஓடுகிறது. மற்றது ரத்தத்தைப் பார்த்திருக்கும். உப்பைச் சிறுநீரிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுபோக, உட்பக்கச் சுவரில் உள்ளே வாங்குகிற கடத்தியும், ரத்தப் பக்கச் சுவரில் வெளியே தள்ளுகிற பம்பும் இருக்க வேண்டும். பம்ப் இடம் மாறி உட்பக்கச் சுவரில் போய் உட்கார்ந்தால், அதே புரதம், அதே வேகம், ஆனால் உப்பு குழலுக்குள்ளேயே கொட்டும்.

இது வெறும் கற்பனை இல்லை. 1998இல் இயன் டிரம்மண்டும் சகாக்களும் ஜீப்ரா மீனின் முன்சிறுநீரகத்தை விவரித்தபோது, குழல் நீர்க்கட்டியாக வீங்கும் பல பிறழ்வு மீன்களையும் (ஏதோ ஒரு மரபணு பழுதானவை) காட்டினார்கள். அதில் 'டபுள் பபுள்' என்ற மீனில் பம்ப் ரத்தப் பக்கம் இருப்பதற்குப் பதில் உட்பக்கச் சுவரில் இருந்தது. புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "புரதம் இருக்கு" என்று நோட்டில் எழுதாதீர்கள், எந்தச் சுவரில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

6. குழல் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? அதைப் பகுதி பகுதியா எப்படிப் பிரிக்கிறீங்க?

வெறும் கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் ஒரே நூல் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு நீளத்திலும் வேறு வேறு கடத்தி மரபணு இயங்குகிறது. ஒரு நாள் வயதுக் கருவை எடுத்து, இரண்டு இடுக்கியால் முட்டை உறையைக் கிழித்து, ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட தூது ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல்) இருக்கும் இடத்தில் மட்டும் ஊதா நிறம் பிடிக்கும்படி செய்வோம். கடைசிக் கட்டத்தில் சாயக் கரைசலில் கரு கிடக்கும்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் முதுகுத்தண்டின் இரு பக்கமும் பென்சிலால் லேசாகக் கிழித்தது போல இரண்டு கோடு எழும். பம்பின் மரபணுவைத் தேடினால் கோடு நீளம் முழுக்க வரும். துணைக்கடத்தியைத் தேடினால் குறிப்பிட்ட ஒரு துண்டில் மட்டும் வந்து, கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வெட்டு எனக்கு ஆச்சரியம்தான்.

2007இல் ரெபெக்கா விங்கர்ட்டும் சகாக்களும் இப்படிப் பல மரபணுக்களை வைத்துக் குழலின் வரைபடத்தைப் போட்டார்கள். பெயர்களில் 'அருகு' என்றால் வடிகட்டிக்குப் பக்கம், 'சேய்மை' என்றால் அதிலிருந்து தள்ளி. முன்னால் வடிகட்டி, கழுத்து. அதன் பின் அருகுச் சுருள்குழல், அதன் அடையாளம் சோடியத்தோடு பாஸ்பேட்டைக் கடத்தும் எஸ்.எல்.சி. 20ஏ1ஏ. அடுத்து அருகு நேர்குழல், அங்கே டி.ஆர்.பி.எம்.7 என்ற கால்வாய். அப்புறம் முன் சேய்மைக் குழல், அதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்துக் கடத்தும் என்.கே.சி.சி.2 என்னும் எஸ்.எல்.சி. 12ஏ1. பின் சேய்மைக் குழலில் சோடியத்தோடு குளோரைடைக் கடத்தும் என்.சி.சி. என்னும் எஸ்.எல்.சி. 12ஏ3. கடைசியில் வெளியேறும் நாளம். நம் நெஃப்ரானில் இருக்கும் அதே வரிசை, நம் குழல் கொண்டை ஊசி போல மடங்கும் ஹென்லே வளைவின் மெல்லிய பகுதி மட்டும் இல்லை. தண்ணீரைச் சேமிக்க வேண்டிய பிராணிக்குத்தான் அது தேவை.

இரண்டு சேய்மைக் குழல்களுக்கும் நடுவே ஸ்டானியஸ் சுரப்பி என்று சின்னதாக ஒன்று உண்டு. அதன் செல்கள் முதலில் குழலின் செல்களாகவே இருந்து, பிறகு குழலை விட்டு விலகித் தனிச் சுரப்பியாகிவிடும். கடைசிக் கேள்வியில் இது திரும்ப வரும்.

7. இந்த செல் இந்தக் கடத்தியைத்தான் செய்யணும்னு யார் சொல்றது?

பெரிய பங்கு வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு. கருவின் முன்பக்கம் அது அதிகம், பின்னால் போகப் போகக் குறைவு. அதைத் தயாரிக்கும் நொதியை மருந்தால் தடுத்தால் முன் பகுதிகள் காணாமல் போய்ச் சேய்மைப் பகுதிகள் நீளும். அமிலத்தைக் கூட்டினால் தலைகீழ், அருகுக் குழல் பின்னோக்கிப் பரவும். விங்கர்ட் குழுவின் அதே 2007 வேலையில் இதைக் காணலாம்.

அதற்கு அடுத்த மட்டத்தில் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் வரும். எச்.என்.எஃப்.1பி இல்லாத கருவில் குழல் உருவாகும், உட்பக்கக் குழியும் இருக்கும், ஆனால் பகுதி பிரியாது. கடத்தி மரபணுக்கள் பெரும்பாலும் இயங்காமல் வெறும் குழாயாகக் கிடக்கும். மனிதரில் இதே மரபணு பழுதானால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டியும் ரத்தத்தில் மெக்னீசியக் குறைவும் வருவது தெரிந்ததே.

8. ரத்தம் வடிகட்டுறதே ரெண்டாவது நாள்தான்னா, 24 மணி நேரத்துலயே கடத்தி எதுக்கு? கடத்த என்ன இருக்கு?

இதை யாராவது தானாகக் கேட்டால் எனக்கு அன்றைக்கு நாள் முழுக்க சந்தோஷம். 28.5 டிகிரியில் வளர்த்தால், கடத்தி மரபணுக்களின் பகுதிவாரி இயக்கம் ஒரு நாளிலேயே தெரிந்துவிடும். வடிகட்டியில் ரத்தம் வடியத் தொடங்குவது சுமார் 48 மணி நேரத்தில். நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி.

ஒரு காரணம், கடத்தி மரபணு இயங்குவதே அந்த செல் இன்ன வகை ஆகிவிட்டது என்பதன் பகுதிதான். கடை திறக்கும் முன்னே சரக்கை அடுக்கி வைப்பது போல. முதல் சொட்டு வடியும்போது உப்பைத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாடு தயாராக இல்லையென்றால், குஞ்சு தன் உப்பை அப்போதே இழக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று அழகானது. குழலுக்குள் திரவம் ஓட ஆரம்பித்ததும், குழல் செல்கள் கூட்டமாக வடிகட்டியை நோக்கி முன்னே நகரத் தொடங்கும். அலெக்சாண்டர் வசிலியேவும் டிரம்மண்டும் சகாக்களும் 2009இல் இதை உயிருள்ள குஞ்சில் படம் எடுத்துக் காட்டினார்கள். குழலை அடைத்து ஓட்டத்தை நிறுத்தினால் நகர்வும் நிற்கிறது. அருகுக் குழல் சுருள்வதற்கே இந்த நெரிசல்தான் காரணம். முதல் நாள் வரைபடத்தில் இருந்த எல்லைகளை ஐந்தாம் நாள் அதே இடத்தில் தேடாதீர்கள், அவை முன்னே போயிருக்கும்.

9. ஊதா கலர் வந்துடுச்சு. அப்ப புரதம் அங்க வேலை செய்யுதுன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. ஊதா நிறம் காட்டுவது தூது ஆர்.என்.ஏ.வை. அதிலிருந்து புரதம் தயாராக வேண்டும், தயாரானது சரியான சுவருக்குப் போக வேண்டும் (கேள்வி 5), போனது கடத்த வேண்டும். நான்கும் நான்கு தனிச் செய்தி. பம்பின் மரபணுப் பகுதியோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்த மீன் வகை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இருட்டறையில் குழல் பச்சையாக மின்னும், ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் அதில் மின்னுவது பம்ப் இல்லை. மரபணு இயங்குகிறது என்று மட்டும்தான் அந்தப் பச்சை சொல்கிறது, பச்சைப் புரதம் செல் முழுக்க நிரம்பி நிற்கும்.

சுவரைப் பார்க்க, தேடும் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம் வேண்டும். கோழியின் பம்புக்கு எதிராகத் தயாரித்த ஆல்பா-6எஃப் என்ற எதிர்ப்புரதம் ஜீப்ரா மீனின் பம்பையும் பிடிக்கும், அதுதான் வழக்கம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் இருண்ட துளை, அதைச் சுற்றி செல்கள், ஒவ்வொரு செல்லின் வெளி ஓரத்திலும் பக்கங்களிலும் மட்டும் ஒளிக்கோடு. துளையை ஒட்டிய ஓரம் கறுப்பாக இருந்தால் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

வேலை நடக்கிறதா என்று பார்க்க வேறு வழி. ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி) குஞ்சின் ரத்தத்தில் ஊசியால் செலுத்தினால், சிறிய மூலக்கூறாக இருந்தால் அது வடிந்து, அருகுக் குழல் செல்களுக்குள் புள்ளிப் புள்ளியாகச் சேரும். இது வடிகட்டலையும், செல் விழுங்குவதையும் காட்டும். அயனி எவ்வளவு திரும்பியது என்று காட்டாது. அதற்குக் குஞ்சின் உடலில் உள்ள சோடியம், குளோரைடை அளக்க வேண்டும்.

10. குழலுக்கு நடுவுல சில செல்லுக்கு மட்டும் கலரே புடிக்கலை, சொட்டை சொட்டையா இருக்கு. என் ஸ்டெய்னிங் தப்பா?

பெரும்பாலும் தப்பில்லை. வருத்தப்பட்டு முழுத் தொகுதியையும் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். குழலின் நடுப் பகுதியில் இரண்டு வகை செல்கள் கலந்து இருக்கும். ஒன்று கடத்தும் செல். மற்றது தலையில் கற்றையாகக் குற்றிழைகள் கொண்ட செல், திரவத்தைத் துடுப்பு போட்டது போலப் பின்னால் தள்ளுவது. கடத்தி மரபணு அதில் இயங்காது, ஆகவே அங்கே நிறம் பிடிக்காது.

பக்கத்து பக்கத்து செல்கள் "நீ இது, நான் அது" என்று பிரித்துக்கொள்வது நாட்ச் என்ற சமிக்ஞை வழியாக. நாட்சைத் தடுத்தால் குற்றிழை செல்கள் பெருகி, கடத்தும் செல்கள் குறையும். உங்கள் படத்தில் சொட்டை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், சாயத்தைச் சந்தேகிக்கும் முன் நாட்சைச் சந்தேகியுங்கள்.

11. தோல்லயும் புள்ளி புள்ளியா சிக்னல் வருதே, அது என்ன?

அயனோசைட். வயிற்று மஞ்சள் பையின் மேல்தோலில் அள்ளித் தெளித்தது போல இருக்கும். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கத்தான் முடியும், புதிதாகச் சேர்க்க முடியாது. தண்ணீரிலிருந்து உப்பை இழுத்து வருவது இந்தத் தோல் செல்களும், பின்னால் செவுள் செல்களும்தான். தைவானில் ஹுவாங் பங்-பங் குழு இவற்றில் பல வகைகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறது.

குழப்பம் எங்கே என்றால், இந்த செல்களிலும் பம்ப் நிறைய உண்டு. ஆகவே முழுக் குஞ்சை அரைத்துப் பம்பின் அளவைப் பார்த்துவிட்டுச் சிறுநீரகத்தைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். பெயரிலும் கவனம் தேவை. தோலில் என்.சி.சி. வகை அயனோசைட்டில் இருப்பது எஸ்.எல்.சி. 12ஏ10 என்ற உறவுக்காரப் புரதம். குழலில் இருப்பது எஸ்.எல்.சி. 12ஏ3. பழைய கட்டுரைகளில் இரண்டுக்கும் என்.சி.சி. என்றே போட்டிருப்பார்கள்.

12. குஞ்சு வீங்கிடுச்சு. கிட்னி ஃபெயிலியர்தானே?

இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரகம் தண்ணீரை இறைக்காவிட்டால் கேள்வி 1இல் சொன்னபடி உள்ளே தண்ணீர் தேங்கும். நாலாம் நாள் பார்த்தால் இதயத்தைச் சுற்றிய பை பலூன் மாதிரி உப்பி, உடல் வளைந்து, குஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இதயம் சரியாகத் துடிக்காத குஞ்சும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். ரத்த அழுத்தம் இல்லாமல் வடிகட்டி வேலை செய்யாது, ஆக இரண்டும் பின்னிக்கொள்ளும்.

கடத்திகளைப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய பொறி. 'ஹார்ட் அண்ட் மைண்ட்' என்ற பிறழ்வு மீனில் பழுதானது சோடியம்-பொட்டாசியம் பம்பின் ஆல்பா 1 மரபணுதான். அதில் முதலில் கெடுவது இதயம். பம்பைக் கெடுத்துவிட்டு வீக்கத்தைப் பார்த்து "சிறுநீரகம்" என்று எழுதினால், இதயம் பார்க்கிற ஒருவர் அதை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிடுவார். வீக்கம் வரும் முன்பே இதயத் துடிப்பை எண்ணுங்கள், வாலில் ரத்த அணுக்கள் ஓடுகின்றனவா பாருங்கள், அப்புறம் குழலுக்கு வாருங்கள்.

13. மார்ஃபோலினோ போட்டா எஃபெக்ட் வருது, மியூட்டன்ட்ல ஒண்ணுமே வரலை. எதை நம்ப?

மார்ஃபோலினோ என்பது தூது ஆர்.என்.ஏ.வை மறிக்கும் செயற்கைத் துண்டு. அது குறி தவறி வேறு மரபணுவையும் தொட்டுவிடலாம். மறுபக்கம், மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்த மீனில் உறவுக்கார மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடு கட்டவும் செய்யும். 2015இல் இரண்டு பக்கத்துக்கும் வலுவான சான்றுகள் வெளிவந்தன.

கடத்திகளில் ஈடு கட்டும் வாய்ப்பு அதிகம். எலும்பு மீன்களின் மூதாதையில் முழு மரபணுத் தொகுப்பும் ஒருமுறை இரட்டித்தது. போதாக்குறைக்கு ஜீப்ரா மீனில் பம்பின் ஆல்பா 1 மரபணுவே பல நகல்களாக அடுத்தடுத்து இருக்கிறது. பிறழ்வு மீனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தக் கடத்தி தேவையில்லை என்று எழுதும் முன் அதன் தம்பி தங்கைகளின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

14. மீனுக்கு ஈநாக் இல்லையாமே? அப்ப கடைசிப் பகுதி நம்ம மாதிரின்னு எப்படி சொல்றீங்க?

ஈநாக் என்பது நம் நெஃப்ரானின் கடைசிப் பகுதியில் இருக்கும் சோடியக் கால்வாய். அல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன் அதைக் கூட்டிக் குறைக்கும். ஜீப்ரா மீனில் ஈநாக் மரபணுக்கள் இல்லை. அல்டோஸ்டெரோனும் எலும்பு மீன்களில் இல்லை, அந்தப் பொறுப்பில் பெரும்பங்கைக் கார்ட்டிசால் ஏற்றிருக்கிறது.

ஆகவே கேள்வி 6இல் "அதே வரிசை" என்று சொன்னதை என்.சி.சி. வரைக்கும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈநாக் சம்பந்தப்பட்ட நோய்க்கு இந்த மீன் பொருத்தமான மாதிரி இல்லை. இதைத் திட்டம் எழுதும்போதே சொல்லிவிடுவது நல்லது.

15. கடல் மீனுக்கு?

அங்கே வெளியே உப்பு அதிகம், உடலிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மீன் கடல் நீரைக் குடிக்கும், சோடியம் குளோரைடைச் செவுள் வழியாகத் தள்ளும், சிறுநீர் மிகக் குறைவு. சிறுநீரகக் குழலின் முக்கிய வேலை மெக்னீசியத்தையும் சல்பேட்டையும் குழலுக்குள் சுரந்து வெளியேற்றுவது. கடற்குதிரைக்கும் டோட்ஃபிஷுக்கும் வடிகட்டியே கிடையாது, குழல் சுரப்பதுதான் சிறுநீர். குழலால் சுரக்க முடியுமா என்று உடலியல்காரர்கள் சண்டை போட்ட காலத்தில் இந்த வடிகட்டியில்லா மீன்கள்தான் முடியும் என்று காட்டின.

16. எங்க அப்பா சாப்பிடுற பிபி மாத்திரைக்கும் மீனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னீங்களே?

உண்மையான சம்பந்தம். தயசைடு வகை மாத்திரைகள் 1950களின் கடைசியிலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன. சிறுநீரில் உப்பைக் கூடுதலாக வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. ஆனால் அவை எந்தப் புரதத்தை அடைக்கின்றன என்பது பல பத்தாண்டுகள் கையில் சிக்கவில்லை. 1993இல் ஹெரார்டோ காம்பாவும் ஸ்டீவன் ஹெபர்ட்டும் சகாக்களும் அந்தப் புரதத்தின் மரபணுவை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஒரு மீனிலிருந்து: விண்டர் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீனின் சிறுநீர்ப்பை. மீனின் சிறுநீர்ப்பை சிறுநீரக நாளத்திலிருந்தே உருவாவதால் அதே கடத்தி அங்கே மண்டிக் கிடந்தது. கேள்வி 6இல் வந்த என்.சி.சி. அதுதான்.

அதன் பிறகு மனித மரபணுவைப் பிடிப்பது எளிதானது. ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்து தசை தளரும் கிட்டல்மன் நோய் இந்தக் கடத்தியின் பழுது என்று 1996இல் தெளிவானது. பக்கத்துப் பகுதியில் இருக்கும் என்.கே.சி.சி.2 பழுதானால் வருவது பார்ட்டர் நோயின் ஒரு வகை. அந்தக் கடத்தியை அடைக்கும் மருந்துதான் உடல் வீக்கத்துக்குத் தரும் ஃபுரோசமைடு. ஜீப்ரா மீன் குஞ்சில் இந்த இரண்டு கடத்திகளும் ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் ஸ்டானியஸ் சுரப்பியை வைத்துக்கொண்டு நிற்கும். அப்பாவின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், இதைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்வேன்.

17. ஒரு கால்வாய் கெட்டா மீனுக்குக் கிட்னில கல்லு வருமா?

வரும். கேள்வி 6இல் அருகு நேர்குழலின் அடையாளமாகச் சொன்ன டி.ஆர்.பி.எம்.7 மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் விடும் கால்வாய். அது பழுதான மீன் குள்ளமாக வளரும், எலும்பு ஒழுங்காக அமையாது, குஞ்சாக இருக்கும்போதே சிறுநீரகத்தில் கல் தெரியும். 2005இல் இது வெளியானது.

குழலில் கால்வாய் கெட்டது, அதனால் கால்சியம் தேங்கிக் கல்லானது என்று நேராக முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த மீன்களின் உடலில் மொத்தக் கால்சியமும் மெக்னீசியமும் குறைவாகவே இருந்தன. உயர்ந்திருந்தது ஸ்டானியோகால்சின் என்ற ஹார்மோன். தண்ணீரிலிருந்து கால்சியம் உள்ளே வருவதைக் குறைப்பதும், குழலில் பாஸ்பேட்டைத் திரும்ப வாங்கச் சொல்வதும் அதன் வேலை. அந்த ஹார்மோனைக் குறைத்தபோது கல் உருவாவதும் குறைந்தது. அதைச் சுரப்பது, முதல் நாளில் குழலின் செல்களாக இருந்து விலகிப்போன அதே ஸ்டானியஸ் சுரப்பி. ஆகவே கல்லைப் பார்க்கிற மாணவரிடம், குழலோடு நிற்காமல் அந்தச் சுரப்பிக்கும் ஒரு தடவை சாயம் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மூன்றாம் நாள் குஞ்சில் அது குழலுக்கு மேலே இரண்டு சின்ன உருண்டையாகத் தெரியும்.